மூன்று தங்கம், ஒரு வணக்கம்: சோன்யா ஹெனியின் வாழ்க்கை

2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகப் பங்கேற்றது. ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனிச்சறுக்கு நடனத்தில் ஜூலியன் யீ களமிறங்கினார். அதே ஆண்டில் சிங்கப்பூரும் ஷயன் கோவைத் தன் முதல் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டாளராக அனுப்பியது. பனியே விழாத நாட்டில் வளர்ந்த ஜூலியன் சறுக்கப் பழகியது, பேரங்காடிக்குள் அமைந்த பனித்தளத்தில்.

இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் பனித்தளத்தில் விழுந்து எழுந்து விளையாடுவது சாதாரணக் காட்சி. பனி நாடுகளின் பொழுதுபோக்காக இருந்த இந்த விளையாட்டைப் பனியைக் காணாத மக்களும் ரசிக்கும் கலையாக மாற்றியவர்களில் முதன்மையானவர் நார்வே நாட்டின் சோன்யா ஹெனி. குளிர்கால ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெரும் நட்சத்திரம் அவர். மூன்று ஒலிம்பிக் தங்கம், பத்து உலக வெற்றியாளர் பட்டம் என்ற அவரது சாதனையைப் பெண்கள் தனிநபர் பிரிவில் இன்றுவரை எவரும் எட்டவில்லை.

ஆனால் சொந்த நாட்டில் அவர் பெயரைச் சொல்லும்போது, பதக்கங்களோடு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1936-ல் அவர் உயர்த்திய ஒரு கை அது.

கம்பளி ரோம வணிகரின் மகள்

1912 ஏப்ரல் 8-ஆம் தேதி நார்வேயின் தலைநகரில் சோன்யா பிறந்தார். அப்போது அந்நகரின் பெயர் கிறிஸ்தியானியா. 1925-ல்தான் அது ஓஸ்லோ என்று பெயர் மாறியது. தந்தை வில்ஹெல்ம் ஹெனி விலங்கு ரோம ஆடை வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். இளமையில் சைக்கிளோட்டத்தில் உலக வெற்றியாளராகவும் இருந்தவர். தாயார் செல்மா. அண்ணன் லெய்ஃப்.

நார்வேயில் குழந்தைகள் நடக்கத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே பனியில் சறுக்கவும் பழகிவிடுவார்கள். சோன்யாவுக்கும் ஆறு வயதை ஒட்டி முதல் சறுக்குக் காலணி கிடைத்தது. அண்ணனோடு போட்டி போட்டுக்கொண்டு பழகிய சிறுமியிடம் தனித்திறன் இருப்பதைத் தந்தை விரைவிலேயே கண்டுகொண்டார். விளையாட்டில் வெற்றியின் சுவையை அறிந்தவர் அல்லவா? மகளுக்காக நல்ல பயிற்றுநர்களைத் தேடிப் பிடித்தார். பாலே நடனம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பள்ளிப் படிப்புக்குப் பதிலாக வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்தார்கள். குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையே சோன்யாவின் பயிற்சி நேரத்தைச் சுற்றி அமைந்தது.

பத்து வயதில் சோன்யா நார்வேயின் தேசிய வெற்றியாளர் ஆனார்.

எட்டுப் பேரில் எட்டாவது

1924 ஜனவரி இறுதியில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஷமோனி என்ற ஊரில் அனைத்துலகக் குளிர்கால விளையாட்டு வாரம் தொடங்கியது. பின்னாளில் அதுவே முதல் குளிர்கால ஒலிம்பிக் என்று அங்கீகரிக்கப்பட்டது. பெண்களுக்குத் திறந்திருந்த ஒரே விளையாட்டு பனிச்சறுக்கு நடனம்தான்.

தனிநபர் பிரிவில் எட்டுப் பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களில் ஒருத்தி பதினொரு வயதுச் சிறுமி சோன்யா. மற்ற பெண்கள் கணுக்காலை நெருங்கும் நீளப் பாவாடை அணிந்திருந்தார்கள். சோன்யா குழந்தை என்பதால் முழங்காலளவு பாவாடையில் வந்தாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்து என்ன செய்வது என்று மறந்துபோய், சில முறை ஓரத்துக்கு ஓடிச்சென்று பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு வந்தாள் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. முடிவில் அவளுக்குக் கிடைத்தது எட்டாவது இடம், அதாவது கடைசி இடம். ஆஸ்திரியாவின் ஹெர்மா சாபோ தங்கம் வென்றார்.

ஆனால் பார்த்தவர்கள் மனத்தில் அந்தக் கடைசி இடத்துச் சிறுமி பதிந்துவிட்டாள். நீளப் பாவாடையில் செய்ய முடியாத சுழற்சிகளையும் தாவல்களையும் அவளது குட்டைப் பாவாடை அனுமதித்தது. குழந்தை என்பதற்காகக் கிடைத்த அந்தச் சலுகை, சில ஆண்டுகளில் எல்லாப் பெண்களின் வழக்கமாக மாறியது. அதுவரை கறுப்புக் காலணிகளே பரவலாக இருந்த இடத்தில் வெள்ளைக் காலணிகளைப் பிரபலமாக்கியவரும் அவரே. இன்று பேரங்காடிப் பனித்தளத்தில் ஒரு சிறுமி வெள்ளைக் காலணி மாட்டும்போது, அவளுக்குத் தெரியாமலேயே சோன்யாவின் வழியில்தான் நடக்கிறாள்.

பனியில் கோலம்

அந்தக் காலத்தில் பனிச்சறுக்கு நடனப் போட்டி இரண்டு பகுதிகளாக நடக்கும். முதல் பகுதி கட்டாய வடிவங்கள். போட்டியாளர் ஒரே காலில் சறுக்கியபடி எட்டு போன்ற வடிவங்களைப் பனியில் கீற வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். பிறகு நடுவர்கள் குனிந்து, கோடு பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். புள்ளி தவறாமல் கோலம் போடுவது போன்ற பொறுமை அதற்குத் தேவை. மொத்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். இரண்டாவது பகுதிதான் இசையோடு கூடிய சுதந்திர ஆட்டம்.

சோன்யா இரண்டிலும் தேர்ந்தார். என்றாலும் அவர் பெயர் நிலைத்தது இரண்டாவது பகுதியில். ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நடனம் அவரை ஆட்கொண்டது. அதுவரை தாவலும் சுழலும் தனித்தனி வித்தைகளாகச் செய்து காட்டப்பட்டன. சோன்யா அவற்றை ஒரே நடனமாகக் கோத்தார்.

1927-ல் உலக வெற்றியாளர் போட்டி ஓஸ்லோவில் நடந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் நார்வேக்காரர்கள். அந்த மூவரும் சோன்யாவுக்கு முதலிடம் தந்தார்கள். ஆஸ்திரிய, ஜெர்மானிய நடுவர்கள் ஹெர்மா சாபோவுக்குத் தந்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பதினான்கு வயது சோன்யா உலக வெற்றியாளர் ஆனார். சர்ச்சை வெடித்தது. இதன் பிறகே, ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர் என்ற விதியை அனைத்துலகச் சங்கம் கொண்டுவந்தது. சோன்யாவின் முதல் உலகப் பட்டத்தின் மீது அந்த நிழல் இருக்கத்தான் செய்தது.

அதை அகற்ற ஒரே வழி, மறுக்க முடியாதபடி வெல்வதுதான். சோன்யா அதைச் செய்தார். 1928-ல் சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்ஸில் பதினைந்து வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பிரிவில் தங்கம் வென்றவர் என்ற சாதனை, 1998-ல் அமெரிக்காவின் தாரா லிப்பின்ஸ்கி முறியடிக்கும்வரை எழுபது ஆண்டுகள் நீடித்தது. 1932-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் இரண்டாவது தங்கம். அதே போட்டியில் பிரிட்டனிலிருந்து செசிலியா காலெட்ஜ் என்ற பதினொரு வயதுச் சிறுமியும் ஆடினாள். ஒரு காலத்தில் சோன்யா நின்ற இடத்தில் இப்போது இன்னொரு குழந்தை நின்றது.

பெர்லினில் உயர்ந்த கை

1936 குளிர்கால ஒலிம்பிக் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஹென் நகருக்கு வழங்கப்பட்டிருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்கள் முந்தைய ஆண்டே நியூரம்பெர்க்கில் அறிவிக்கப்பட்டுவிட்டன. போட்டிக்கு வந்த வெளிநாட்டவர் கண்ணில் படக்கூடாது என்று யூத எதிர்ப்பு அறிவிப்புப் பலகைகளை அதிகாரிகள் அகற்றி வைத்தார்கள்.

போட்டிக்குச் சற்று முன்னர் பெர்லினில் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. ஹிட்லரும் பார்வையாளராக வந்திருந்தார். பனித்தளத்தில் நுழைந்த சோன்யா அவர் இருந்த பக்கம் விரைந்து சென்று நின்றார். கையை உயர்த்தி நாஜி வணக்கம் செலுத்தினார். அரங்கம் ஆர்ப்பரித்தது.

மறுநாள் நார்வே கொந்தளித்தது. தங்கள் செல்லப் பிள்ளை இப்படிச் செய்துவிட்டாளே என்று பத்திரிகைகள் கண்டித்தன. அவர் நாஜி ஆதரவாளரா என்ற கேள்வி முதல்முறையாக எழுந்தது.

ஒலிம்பிக் போட்டியில் சோன்யா அந்த வணக்கத்தைச் செலுத்தவில்லை. லேக் பிளாசிட்டில் சிறுமியாக ஆடிய செசிலியா காலெட்ஜ், பதினைந்து வயதில் மிக நெருக்கமான போட்டியைத் தந்தார். சிறிய வித்தியாசத்தில் சோன்யா மூன்றாவது தங்கத்தைத் தக்கவைத்தார். சில நாள்களில் பாரிஸில் பத்தாவது உலகப் பட்டத்தையும் வென்று, போட்டி உலகத்திலிருந்து விடைபெற்றார்.

ஆனால் ஒலிம்பிக் முடிந்ததும் ஹிட்லரின் மலை இல்லத்தில் விருந்துக்கு அழைப்பு வந்தது. சோன்யா அதை ஏற்றார். ஹிட்லர் கையெழுத்திட்ட படம் ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

சோன்யா அரசியல் கொள்கை பேசியவர் அல்லர். எந்த நாட்டுத் தலைவர் என்றாலும், எந்த அரசர் என்றாலும், தன்னைப் பாராட்ட வந்த கூட்டத்தில் ஒருவர் என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். சிறு வயதிலிருந்து கைதட்டலில் வளர்ந்தவர் அவர். எப்படி வெல்வது என்று கற்பிக்க அவரைச் சுற்றிப் பலர் இருந்தார்கள். ஆனாலும் இருபத்து மூன்று வயதில், உலகம் முழுவதும் சுற்றி வந்த ஒருவர் தான் எவருக்கு வணக்கம் செலுத்துகிறோம் என்பதை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. நார்வே மக்கள் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஹாலிவுட்டின் பனி ராணி

போட்டிகளை விட்டதும் சோன்யா அமெரிக்கா சென்றார். அவருக்குத் தேவைப்பட்டது சிறு வேடம் அல்ல, கதாநாயகி வேடம். லாஸ் ஏஞ்சல்ஸ் பனித்தளத்தில் காட்சி ஆட்டங்களை நடத்தி, திரையுலகத்தினரைத் தன் பக்கம் திரும்ப வைத்தார். டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் டேரில் ஸானக் அவரை ஒப்பந்தம் செய்தார். 1936 இறுதியில் வெளிவந்த ஒன் இன் எ மில்லியன் என்ற முதல் படமே வெற்றி. 1938-ல் அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலைக் குவிக்கும் நட்சத்திரங்களின் பட்டியலில் ஷெர்லி டெம்பிள், கிளார்க் கேபிள் ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடம் சோன்யாவுக்கு. 1941-ல் கிளென் மில்லரின் இசைக்குழுவோடு அவர் நடித்த சன் வேலி செரனேட் பெரும் புகழ் பெற்றது.

படங்களோடு பனி நடன நிகழ்ச்சிகளும் ஊர் ஊராக நடந்தன. செயற்கைப் பனித்தளம், ஒளி, இசை, உடை என்று அவர் அமைத்த பாணி, பின்னாளில் உலகெங்கும் சுற்றிய பனி நடனக் குழுக்களுக்கு முன்மாதிரியானது. பணத்தைக் கணக்குப் பார்ப்பதில் அவர் தந்தையைப் போலவே கெட்டிக்காரர். அந்தத் தந்தை 1937-ல் காலமானார். மகளின் ஒவ்வோர் அடியையும் திட்டமிட்டவர், ஹாலிவுட் வெற்றியின் தொடக்கத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் போனார்.

போர்க்கால மௌனம்

1940 ஏப்ரல் 8-ஆம் தேதி சோன்யாவுக்கு இருபத்தெட்டு வயது நிறைந்தது. மறுநாள், ஏப்ரல் 9-ஆம் தேதி, ஜெர்மானியப் படை நார்வே மீது பாய்ந்தது. இரண்டே மாதங்களில் நாடு முழுவதும் ஆக்கிரமிப்பின் கீழ் வந்தது. அரசரும் அரசாங்கமும் லண்டனுக்குச் சென்றார்கள். கனடாவின் டொரோண்டோவில் லிட்டில் நார்வே என்ற பெயரில் நார்வே விமானிகளுக்குப் பயிற்சி முகாம் அமைந்தது. வெளிநாடுகளில் வாழ்ந்த நார்வேக்காரர்கள் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள்.

உலகிலேயே மிகவும் அறியப்பட்ட நார்வேப் பெண்மணி அப்போது சோன்யாதான். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் 1941-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெரிக்கப் படையினருக்கான நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். ஆனால் நார்வேயின் எதிர்ப்பு இயக்கத்துக்கு ஆதரவாகவோ, நாஜிகளைக் கண்டித்தோ வெளிப்படையாகப் பேசுவதைத் தவிர்த்தார்.

இதற்கிடையே ஓஸ்லோவுக்கு அருகில் இருந்த குடும்ப வீட்டில் ஹிட்லர் கையெழுத்திட்ட படம் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருந்தது. ஜெர்மானியர்கள் அதைப் பார்த்ததும் அவரது சொத்துகளைத் தொடாமல் விட்டார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அண்டை வீட்டார் பலர் எல்லாவற்றையும் இழந்த காலம் அது.

அதே தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு நார்வே வீரரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பிர்கர் ரூட் பனிச்சறுக்குத் தாவலில் 1932, 1936 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். சோன்யாவைவிட ஒரு வயதுகூட மூத்தவர் அல்லர். ஆக்கிரமிப்புக் காலத்தில் நாஜிகளின் கட்டுப்பாட்டில் நடந்த போட்டிகளில் தாவ அவர் மறுத்தார். மறைவாகப் போட்டிகள் நடத்த உதவினார். 1943-ல் அவரைக் கைது செய்து கிரினி முகாமில் அடைத்தார்கள். போருக்குப் பின் 1948-ல், முப்பத்தாறு வயதில், பயிற்றுநராக சென்ட் மோரிட்ஸுக்குச் சென்றவர் தானே களமிறங்கி வெள்ளி வென்றார். சோன்யாவின் மூன்று தங்கத்துக்கும் நார்வே மக்கள் கைதட்டினார்கள். ரூட்டின் அந்த ஒரு வெள்ளியை அவர்கள் தங்கள் வீட்டுப் பொருளாகவே கருதினார்கள்.

ஊர் திரும்பிய நாள்

போர் முடிந்தபின் சோன்யாவின் திரை வாழ்க்கை மங்கியது. ரசிகர்களின் சுவை மாறியிருந்தது. இரண்டு திருமணங்கள் மணவிலக்கில் முடிந்தன. 1952 மார்ச்சில் பால்டிமோர் நகரில் அவரது நிகழ்ச்சி தொடங்கவிருந்த நேரத்தில் பார்வையாளர் இருக்கை வரிசை சரிந்து 250-க்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். சொந்தமாக நடத்திய நிகழ்ச்சிக்கு அது பேரிடியாக விழுந்தது.

மறு ஆண்டு, 1953-ல், ஹாலிடே ஆன் ஐஸ் குழுவோடு அவர் ஓஸ்லோவில் ஆட வந்தார். தன்னைத் துரோகி என்று நினைப்பவர்கள் அங்கே பலர் இருப்பது அவருக்குத் தெரியும். இருக்கைகள் காலியாக இருக்குமோ, கூச்சல் எழுமோ என்ற அச்சம் இயல்பானதுதான். ஆனால் மக்கள் திரண்டு வந்தார்கள். நாற்பதைத் தாண்டிய சோன்யாவைக் கைதட்டி வரவேற்றார்கள். 1955-ல் மீண்டும் வந்தபோதும் அப்படியே.

அது மன்னிப்பா, பழைய பாசமா என்று பிரித்துச் சொல்வது கடினம். கைதட்டியவர்களில் சிலர் 1927-ல் பதினான்கு வயதுச் சிறுமியை அதே நகரில் பார்த்தவர்களாக இருந்திருக்கலாம். கைதட்டியதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. நார்வேயில் அவரைப் பற்றிய நூல்களும் விவாதங்களும் இன்றும் அந்தக் கேள்விக்கே திரும்பி வருகின்றன.

1956-ல் தன் இளவயது நண்பரும் நார்வேக் கப்பல் அதிபருமான நீல்ஸ் ஊன்ஸ்டாட்டை மணந்தார். மேடையிலிருந்து விலகினார். இருவரும் நவீன ஓவியங்களைச் சேகரித்தார்கள். பிக்காசோ, மத்தீஸ், மீரோ போன்றோரின் படைப்புகள் அதில் இருந்தன. பொருள் சேர்ப்பதில் பெயர் பெற்ற சோன்யா, அந்தச் சேகரிப்பைச் சொந்த நாட்டு மக்களுக்கே விட்டுச்செல்ல முடிவு செய்தார். ஓஸ்லோவுக்கு அருகே கடலோரத்தில் ஹோவிக்கோட்டன் என்ற இடத்தில் ஹெனி ஊன்ஸ்டாட் கலை மையம் 1968 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

அந்த நாளில் அவர் உடலில் இரத்தப் புற்றுநோய் இருந்தது. அடுத்த ஆண்டு, 1969 அக்டோபர் 12-ஆம் தேதி, பாரிஸிலிருந்து சிகிச்சைக்காக ஓஸ்லோவுக்குக் கொண்டுவரும் வழியில், விமானத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 57. கலை மையத்தைப் பார்த்தபடி இருக்கும் குன்றின் மேல் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டையும் சேர்த்தே

பதக்கங்களும் கோப்பைகளும் அந்தக் கலை மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. நார்வேக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுகிறார்கள். பத்து உலகப் பட்டங்களைச் சொல்லும் அதே வாயால் 1936-ஐயும் சொல்கிறார்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது, அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்த தாத்தா பாட்டிமாருக்குச் செய்யும் நியாயமாகாது என்பது அவர்கள் எண்ணம்.

குளிர்கால ஒலிம்பிக் இப்போது நூறாண்டைக் கடந்துவிட்டது. நம் நாட்டுப் பிள்ளைகளும் அதில் காலடி வைத்துவிட்டார்கள். காலையில் எழுப்பிப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும், ஓரத்தில் நின்று நேரம் கணக்கிடும் பயிற்றுநரும் நம் ஊரிலும் இருக்கிறார்கள். தாவவும் சுழலவும் அவர்கள் கற்றுத்தருவார்கள். எந்தக் கைதட்டலுக்காக எங்கே போய் நிற்கக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ஷமோனியில் பதினொரு வயதுச் சோன்யா அடுத்த அடியை மறந்தபோது ஓரத்துக்கு ஓடிவந்து கேட்டாள். பெர்லினில் அவர் எவரிடமும் கேட்கவில்லை.